காலிப் பெட்டியின் ஒரு நாள்

எங்கள் அலுவலகத்தில் கனவு என்றால் தூக்கத்தில் வருவதல்ல. மதியம் மூன்று மணிக்கு, கணினித் திரையில், வரிசை எண் போட்டுக்கொண்டு வருவது.

இதை முதலிலேயே விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னை மறை கழன்ற கேஸ் என்று நினைத்துவிடுவீர்கள். ஒரு இயந்திரம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அதைப் பயன்படுத்தப் போகிறவர்கள் சாதாரணத் தமிழில் எழுதி அனுப்புவார்கள். அந்த வாக்கியங்களை ஒரு செயற்கை நுண்ணறிவு கணித மொழிக்கு மாற்றும். 'என்றால்' என்று இருந்த இடத்தில் ஒரு அம்புக்குறி, 'எல்லா' என்று இருந்த இடத்தில் தலைகீழாக நிற்கும் ஒரு எழுத்து. அதற்கு நாங்கள் வைத்த பெயர் வக்கீல். சொன்னதைச் சொன்னபடி எழுதும், சொல்லாததை ஒரு சொட்டுக்கூடச் சேர்க்காது.

வக்கீல் எழுதி முடித்ததும் இன்னொரு நிரல் வரும். எழுதிய விதிகளில் ஒன்றைக்கூட மீறாமல் எப்படியெல்லாம் குடி கெடும் என்று மூலைமுடுக்கெல்லாம் தேடும். அதற்குப் பெயர் மாமியார். யார் வைத்தது என்று கேட்காதீர்கள், எனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

மாமியார் கண்டுபிடித்துக் காட்டும் ஒவ்வொரு அசம்பாவிதமும் ஒரு கனவு. போன வருஷம் ஒரு லிஃப்டுக்கு விதி எழுதினோம். எல்லா விதிகளுக்கும் கட்டுப்பட்டு அந்த லிஃப்ட் மேலே மட்டும் போய்க்கொண்டிருந்தது. கீழே இறங்க வேண்டும் என்று யாரும் எழுதவில்லை. ஏழாவது மாடியில் ஒருவர் பொத்தானை அழுத்திவிட்டு, கதவு திறக்கும் என்ற நம்பிக்கையில், உலகம் உள்ளவரை நின்றுகொண்டிருந்தார். இப்படி ஒன்றைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது. கனவுகளைப் படித்து, எங்கே எந்த வாக்கியம் குறைகிறது என்று சொல்வதுதான் என் வேலை.

எங்கள் அறை மூன்றாம் மாடியில், ஒரு சலவைக் கடைக்கு மேலே இருக்கிறது. மதியத்தில் கீழே பெரிய உலர்த்திகள் சுற்ற ஆரம்பித்தால் தரை லேசாக முனகும். ஜன்னல் வழியாக வெள்ளை ஆவி ஏறி வந்து கண்ணாடியில் படியும். எதிர்க் கட்டிடம் கரைந்து போகும், தெரு கரைந்து போகும், திரையும் நானும் மட்டும் மிச்சம். அந்த நேரத்தில் படிக்கும் கனவுக்கும் எனக்குத் தானாக வரும் கனவுக்கும் நடுவில் கதவு கிடையாது. அதற்காகவே இந்த வேலையை எனக்குப் பிடிக்கும். மேனேஜரிடம் சொன்னதில்லை.

மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் 'இன்னைக்கே'. எதைக் கேட்டாலும் "இன்னைக்கே முடிச்சிடலாம்" என்பார். நல்ல மனிதர்தான், காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு பிறந்தவர்.

இந்தத் தடவை வந்த வேலை இன்குபேட்டர். குறை மாதத்தில் பிறந்த குழந்தைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டி. புதிய மாதிரி, ஆறு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரியின் வார்டுக்குப் போக வேண்டும், மொத்தம் பன்னிரண்டு பெட்டிகள். அதை நடத்தப்போகும் நிரலுக்குத்தான் விதிகள். அவற்றை எழுதியது அந்த வார்டு நர்ஸ். அந்த நர்ஸ் என் தங்கை.

என் தங்கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் துணி மடித்தால் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். நாற்பத்து மூன்று வாக்கியங்கள் எழுதி அனுப்பினாள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எங்கள் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதை வக்கீல் படிக்காது, மாமியாரும் படிக்காது. மனிதர்களுக்காக மட்டுமே இருக்கும் கட்டம் என்பதால் பெரும்பாலானவர்கள் 'பாதுகாப்பு' என்று ஒரே சொல்லை எல்லாக் கட்டத்திலும் ஒட்டிவிட்டுப் போவார்கள். என் தங்கை நாற்பத்து மூன்று காரணங்கள் எழுதியிருந்தாள். ஒன்பதாவது வாக்கியம்: குழந்தை உள்ளே இருந்தால், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, குழந்தைக்குப் பால் கொடுக்கவும் தொடவும் பெட்டியின் பக்கத் திறப்பைத் திறக்க வேண்டும். காரணம்: 'தொடாத குழந்தை எடை ஏறுவதில்லை.' பதினேழாவது வாக்கியம்: திறப்பைத் திறக்கும்போது நர்ஸ் எச்சரிக்கை மணியை நிறுத்தலாம், அவள் மறுபடி இயக்கும்வரை அது அடிக்காது. காரணம்: 'ஒரு பெட்டியில் மணி அடித்தால் பன்னிரண்டு குழந்தைகளும் விழித்துக்கொள்ளும்.' அந்த வார்டின் பல வருஷப் பழக்கம் அது.

ஆறு வாரம் கனவுகள் வந்தன. ஒரு குழந்தை ஒன்பது வருஷம் பெட்டிக்குள்ளேயே கிடந்தது, ஏனென்றால் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று யாரும் எழுதவில்லை. வாக்கியங்களைத் திருத்தத் திருத்தக் கனவுகள் குறைந்தன. வெள்ளிக்கிழமை ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. அதை அப்புறம் பார்க்கலாம் என்று நான் பல் டாக்டரிடம் போய்விட்டேன்.

திங்கட்கிழமை மதியம் நான் வந்தபோது அறையில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பூஜ்யம்! ஒரு கனவுகூட இல்லை. மாமியார் வாயே திறக்கலை. உங்க தங்கச்சி நேத்து ஒரே ஒரு வாக்கியம் சேர்த்து அனுப்பினாங்க, எல்லாம் கிளீன். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா இன்னைக்கே அனுப்பிடலாம்" என்றார் மேனேஜர்.

மாமியார் குறையே சொல்லவில்லை என்றால் சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்த ரகமில்லை. கேக்கை ஓரமாக வைத்துவிட்டுப் படிவத்தைத் திறந்தேன்.

நாற்பத்து நான்காவது வாக்கியம்: குழந்தை உள்ளே இருக்கும்போது எந்தத் திறப்பும், எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் திறந்திருக்கக் கூடாது.

காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

என் தங்கை ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு நான் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடப் படிவத்தில் 'வேறு ஏதேனும்' என்ற இடத்தில்கூட 'நன்றி' என்று எழுதிவிட்டு வருபவள் அவள்.

மாமியாரிடம் கெட்டதைத்தான் கேட்க வேண்டும் என்றில்லை. நல்லதையும் கேட்கலாம், யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். 'இந்த விதிகள்படி நடக்கும் ஒரு சாதாரண நாளைக் காட்டு' என்று கேட்டேன். கீழே உலர்த்திகள் சுற்ற ஆரம்பித்தன. ஜன்னலில் ஆவி ஏறியது. ஒரு நாள் வந்தது.

காலை ஆறு மணி. பெட்டியின் விளக்கு எரிகிறது. உள்ளே முப்பத்து நான்கு டிகிரி. ஈரப்பதம் சரி. திறப்பு மூடியிருக்கிறது. ஏழு மணி. விளக்கு எரிகிறது. முப்பத்து நான்கு டிகிரி. திறப்பு மூடியிருக்கிறது. எட்டு மணி, ஒன்பது மணி, மதியம். குழந்தை: இல்லை.

இன்னொரு நாளைக் கேட்டேன். அதிலும் இல்லை. நூறு நாள் கேட்டேன். நூறு நாளும் விளக்கு எரிந்தது, சூடு துளி பிசகவில்லை, பெட்டி காலியாகவே இருந்தது.

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை திறக்கவும் வேண்டும், குழந்தை இருக்கும்வரை திறக்கவும் கூடாது. இரண்டையும் காப்பாற்ற ஒரே வழிதான் உண்டு: குழந்தையே இருக்கக் கூடாது. எங்கள் வீட்டு யானைகள் எல்லாம் என் பேச்சைக் கேட்கும் என்று நான் சொன்னால் யாரால் அதைப் பொய் என்று நிரூபிக்க முடியும்? யானை இருந்தால்தானே. அப்படித்தான் இந்தப் பெட்டியும் பரிசுத்தமாகத் தேறியிருந்தது. உள்ளே வைக்கப்படாத குழந்தைக்கு ஒரு ஆபத்தும் வராது என்று எங்கள் கணிதம் நிரூபித்துவிட்டது. அதற்குத்தான் கேக்.

அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தேன். தூங்கினேனா என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நீளமான வார்டில் நடந்துகொண்டிருந்தேன். செருப்பில்லை, தரை வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டு பக்கமும் ஆறாறு பெட்டிகள். ஒவ்வொன்றிலும் மஞ்சள் விளக்கு, மடித்து வைத்த சின்ன வெள்ளைத் துணி, அதன் ஓரம் கத்தி மாதிரி. கடைசிப் பெட்டியின் முன்னால் என் தங்கை நின்றாள். திறப்பின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள். "கையை எடு, உள்ளே யாருமில்லை" என்றேன். "அதனாலதான் நல்லா இருக்கு" என்றாள். கண் விழித்தபோது கன்னம் ஈரமாக இருந்தது. ஆவிதான் என்று சொல்லலாம். அழுதேன், அதுதான் உண்மை.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். முகம் விழுந்துவிட்டது. கேக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்தக் கடைசி வாக்கியத்தை எடுத்துட்டா?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமை இருந்த கனவு திரும்ப வரும்."

"வச்சுக்கிட்டா?"

"நிரூபணம் காலிப் பெட்டிக்கு. குழந்தை படுக்கிற பெட்டிக்கு இல்லை. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அப்போ உங்க தங்கச்சியையே கூப்பிடுங்க" என்றார். கூடவே "இன்னைக்கே" என்றார்.

நாலரை மணிக்கு, பகல் ஷிஃப்ட் முடிந்து, சீருடையிலேயே வந்தாள். உட்காரவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கமாக நின்றாள். நான் காலிப் பெட்டியின் நாளைத் திரையில் காட்டி விளக்கினேன். அவள் திரையைப் பார்க்கவே இல்லை.

"அந்த வாக்கியத்தை எடுக்க மாட்டேன், அக்கா."

"ஏன்டி? நீயேதானே மூணு மணிக்கு ஒருதடவை தொறக்கணும்னு எழுதியிருக்கே. தொடாத குழந்தை எடை ஏறாதுன்னு எனக்கே பாடம் எடுத்திருக்கே."

"அதையும் எடுக்க மாட்டேன்."

"ரெண்டையும் வச்சுக்கிட்டா பெட்டியில குழந்தையை வைக்க முடியாது. புரியுதா?"

"புரியுது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் வாய் சும்மா இருக்காது. "ஆறு வாரமா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்திருக்கேன். கடைசி நிமிஷத்துல நீ ஒரு வரியைப் போட்டு மொத்தத்தையும் கவுத்துட்டே. காரணம்கூட எழுதலை. இப்ப சொல்லு, என்ன காரணம்?"

அவள் கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தாள். மேசையில் வைக்கவில்லை, என் மேல் எறிந்தாள். அவள் எதையும் எறிந்து நான் பார்த்ததில்லை.

"இதை உனக்கு யாரு சொன்னா? அதை முதல்ல சொல்லு. யாரு சொன்னா?"

பிரித்தேன். வெள்ளிக்கிழமை பாக்கி இருந்த கனவு. மேனேஜர் அவளுக்கு அனுப்பியிருக்கிறார், 'இதற்கு ஒரு வரி எழுதித் தாருங்கள்' என்று மட்டும் எழுதி. நான் அதை அதுவரை ஒழுங்காகப் படித்திருக்கவில்லை.

நர்ஸ் திறப்பைத் திறக்கிறாள். நர்ஸ் மணியை நிறுத்துகிறாள். நர்ஸ் விலகிச் செல்கிறாள். திறப்பு திறந்திருக்கிறது. ஒரு நிமிடம். மூன்று நிமிடம். மணி அடிக்கவில்லை. ஏழு நிமிடம். குழந்தையின் உடல் சூடு குறைகிறது. பத்து நிமிடம். மணி அடிக்கவில்லை. யாருக்கும் தெரியவில்லை.

"ஆறு வருஷம் ஆச்சு. பக்கத்துப் பெட்டியில ஒரு குழந்தைக்கு மூச்சு நின்னுபோச்சு. நான் கையை எடுத்துட்டு ஓடினேன். மூடணும்னு தோணவே இல்லை. அந்தக் குழந்தைக்கு மூச்சு வந்தப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன். பதினோரு நிமிஷம். காலெல்லாம் ஜில்லுன்னு ஆயிடுச்சு அக்கா, சின்னக் கால், என் கட்டைவிரல் அளவுகூட இல்லை. துணி சுத்தி, மார்ல அணைச்சு, சூடு ஏத்தி..." அவள் நிறுத்தினாள். "சார்ட்டுல முப்பத்தாறு புள்ளி நாலுன்னு எழுதினேன். முப்பத்தஞ்சு புள்ளி ரெண்டுதான் இருந்தது."

"குழந்தை?"

"ஒம்பதாவது நாள் வீட்டுக்குப் போயிட்டான். போன மாசம்கூடச் செருப்புக் கடையில பார்த்தேன், ஒரு இடத்துல நிக்காம ஓடிக்கிட்டிருந்தான். அவங்க அம்மா என்னைக் கட்டிப்பிடிச்சு நன்றி சொன்னாங்க. நன்றி, அக்கா. எனக்கு." கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "யார்கிட்டயும் நான் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை இது வருது. வரிக்கு வரி. யாரோ பார்த்திருக்காங்க, உன்கிட்ட சொல்லியிருக்காங்க, நீ அதை என்கிட்ட நேரா கேக்காம இப்படி அனுப்பியிருக்கேன்னு நெனச்சேன்."

கூடப் பிறந்தவள் என்னைப் பற்றி அப்படி நினைத்தாளே என்று ஒரு கணம் சுருக்கென்றது. அப்புறம், அவள் மூன்று நாள் இந்தக் காகிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வார்டில் வேலை பார்த்திருக்கிறாள் என்பது உறைத்தது. எழுந்து போய் அவளை உட்கார வைத்தேன்.

"யாரும் சொல்லலைடி. இதை எழுதினது மாமியார்."

"யாரு?"

"மெஷின். அதுக்கு உன்னையும் தெரியாது, ஆறு வருஷமும் தெரியாது. நீ எழுதின நாப்பத்து மூணு வாக்கியத்தை வச்சுக்கிட்டு என்னவெல்லாம் நடக்கலாம்னு பார்த்தது. அதுல இதுவும் ஒண்ணு."

"சும்மா சொல்லாதே."

"வா, காட்டறேன்."

நாற்பத்து நான்காவது வாக்கியத்தை ஒதுக்கிவிட்டு ஓடவிட்டேன். உலர்த்திகளின் முனகலில் நாங்கள் இருவரும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு காத்திருந்தோம். கனவு வந்தது. மறுபடி கேட்டேன், முதல் பெட்டியில் நடந்தது ஐந்தாம் பெட்டியில் நடந்தது. பகல் நர்ஸுக்கு நடந்தது, மாலை நர்ஸுக்கு நடந்தது, இன்னும் வேலைக்கே சேராத நர்ஸுக்கு நடந்தது. ஒவ்வொருத்தியும் திறந்தாள், மணியை நிறுத்தினாள், விலகிப் போனாள். ஜன்னலில் தெரு இல்லை, வானம் இல்லை. அந்த வெண்மைக்குள் எத்தனை நர்ஸுகள் எத்தனை பெட்டிகளை விட்டு ஓடினார்கள் என்று எண்ணவில்லை. என் தங்கை ஒவ்வொருத்தியையும் உற்றுப் பார்த்தாள், தெரிந்த முகத்தைத் தேடுகிற மாதிரி.

"இவங்க யாரும் கெட்டவங்க இல்லையே" என்றாள் கடைசியில்.

"இல்லை. எந்த விதியையும் மீறலை."

"மணியை நிறுத்தினதுதான்..."

"நிறுத்தலாம்னு விதி இருக்கு. மறுபடி தானா அடிக்கணும்னுதான் விதி இல்லை."

அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். நாற்பத்து நான்காவது வாக்கியத்தை அவளே அழித்தாள். பதிலுக்கு எழுதினாள்: எந்தத் திறப்பும் இரண்டு நிமிடத்துக்கு மேல் திறந்திருந்தால், மணியை நிறுத்தியிருந்தாலும் அது மறுபடி அடிக்க வேண்டும், திறப்பை மூடும்வரை ஓயக் கூடாது.

"பன்னிரண்டு குழந்தையும் முழிச்சுக்குமே" என்றேன்.

"முழிக்கட்டும்."

வக்கீல் அதை அம்புக்குறியோடு எழுதியது. மாமியார் தேடியது. பழைய கனவு போய்விட்டது. புதிதாக இரண்டு வந்தன, இரண்டும் அந்த இரண்டு நிமிடத்துக்குள் மின்சாரம் போனால் மணி என்ன ஆகும் என்பதைப் பற்றி. எட்டிப் பார்த்த மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அதை நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றேன். அந்த வார்த்தையை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னது அதுவே முதல் தடவை. எனக்கு அந்த இரண்டு கனவுகளையும் பார்க்கத் தெம்பாக இருந்தது. கெட்டது வருகிறது என்றால் உள்ளே ஒரு குழந்தை இருக்கிறது.

"சாதாரண நாள்னு ஒண்ணு காட்டினியே, அதை இப்போ கேளு" என்றாள் தங்கை.

கேட்டேன்.

காலை ஆறு மணி. பெட்டியின் விளக்கு எரிகிறது. குழந்தை: இருக்கிறது. ஒன்பது மணி. திறப்பு திறக்கிறது. கை உள்ளே. ஐம்பத்து இரண்டு நொடி. திறப்பு மூடுகிறது. குழந்தை: இருக்கிறது. பன்னிரண்டு மணி. திறப்பு திறக்கிறது. கை உள்ளே.

அவள் அந்த நாளை மாலைவரை வரி விடாமல் படித்தாள். உதடு அசைந்தது. 'இருக்கிறது' என்று வரும் இடத்தில் எல்லாம் விரலால் திரையைத் தொட்டாள்.

அப்புறம் படிவத்துக்குத் திரும்பிப் போய், நாற்பத்து நான்குக்கு எதிரே காலியாக இருந்த கட்டத்தில் தட்டினாள். "இதை யாரெல்லாம் படிப்பாங்க?"

"வக்கீல் படிக்காது. மேனேஜர் படிப்பார். உங்க தலைமை நர்ஸ் கையெழுத்துப் போடறப்போ படிப்பாங்க. நான் படிப்பேன்."

"சரி."

தட்டச்சு செய்ய அவளுக்கு நேரம் பிடித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கீழே உலர்த்திகள் ஒவ்வொன்றாக நின்றன. கண்ணாடியில் ஆவி வடிந்து தெரு திரும்ப வந்தது, எதிர்க் கட்டிடம் வந்தது, யாரோ ஒருவர் வெளுத்த துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவள் எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டு, "வரேன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கின பிறகுதான் திரையைப் பார்த்தேன்.

காரணம்: 'ஒரு நாள் நான் பதினோரு நிமிடம் மறந்துவிட்டேன். சார்ட்டில் வேறு எண் எழுதினேன். குழந்தை நலமாக இருக்கிறான்.'

அதன் கீழே, படித்ததற்கு அடையாளமாக, என் கையெழுத்தைப் போட்டேன்.